ஏழாம் இலக்கக்காரன்

தம்பி இறந்த பன்னிரண்டாம் நாள், பேர்டோனே வீதியில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கலியாண அட்டைகளும் மரண அறிவித்தல்களும் அடிக்கிற சின்னக் கடை அது. தமிழ் வாசகங்களை எழுதித் திருத்துவது என் வேலை. அழைத்தவர் பிரெஞ்சுக்காரர். கரிகாலன் என்பவரோடு பேசவேண்டும் என்றார். நான்தான் என்றேன்.

"காரி, நான் ழான்-லூக். நாலாம் இலக்கம். முப்பது வருசமாக எங்கே ஒளித்திருந்தாய்?"

அந்த மனிதரோடு நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன். அதுவும் தொலைபேசியில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. அவர் தேடிய ஆளை நாங்கள் முந்திய கிழமை எரித்திருந்தோம். ஆனால் அவர் தேடிய பெயர் என்னுடையது.

சென்-தெனிக் கால்வாய்க் கரையில் இருக்கும் 'பத்தெலியே' கழகத்தைப் பற்றி, இந்தப் பக்கத்தில் கூடைப்பந்து பார்க்கிற எவருக்கும் சொல்லத் தேவையில்லை. படகுக்காரர்கள் என்று அதற்குப் பொருள். 1961இல் கால்வாய் மதகுகளில் வேலை செய்த சிலர் ஒரு நிலக்கரிக் கொட்டிலின் இரண்டு சுவர்களிலும் வளையங்களை ஆணியடித்துத் தொடங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலை அணிகளோடுதான் அது மோதிக்கொண்டிருந்தது. 1995 மே மாதம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒரு மட்ச்சை வென்று மேல் பிரிவுக்கு ஏறியது. அந்தக் கோடையிலேயே சம்பளத்துக்கு ஆட்களை வைத்து விளையாடும் தொழில்முறைக் கழகமாக மாறியது. 2011இல் கிண்ணம் வென்றது. இன்று ஐயாயிரம் பேர் இருக்கக்கூடிய மண்டபம் அதற்கு இருக்கிறது. பக்கத்து ஊர்களான ஸ்தேனிலும் பியர்ஃபித்திலும் எங்கள் பிள்ளைகள் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். எல்லாம் அந்த 1995ஆம் ஆண்டுக் கடைசிப் பந்தில் தொடங்கியது என்றுதான் கழகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பந்தைப் போட்டவர் ஏழாம் இலக்கம், பெயர் கரிகாலன் என்றும் எழுதுகிறார்கள்.

போட்டவன் என் தம்பி பிரசாந்தன்.

அவன் 1992இல் வந்தவன். அவனுடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள். ஒரு உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினான். அந்த வேலையும் என்னுடைய கார்ட்டில், என் வதிவிட அனுமதி அட்டையில்தான். ஒருவரின் கார்ட்டில் இன்னொருவர் வேலை செய்வது அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரும் பெரிதாக நினைக்காத விசயம். வெள்ளைக்காரனுக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான் என்று சொல்லிச் சிரிப்போம். சகோதரர்கள் என்றால் இன்னும் வசதி.

வேலையில்லாத நாட்களில் ரயில் பாதையோரத்து நகரசபைத் திடலில் அவன் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடக் காலத்தில் விளையாடியவன். என்னைவிட நாலு விரல் உயரம். அங்கே வைத்துத்தான் ழான்-லூக் அவனைக் கண்டிருக்கிறார். அப்போது அவர் பத்தெலியேயின் அணித்தலைவர், பகலில் தபால்காரர். பயிற்சிக்கு வா என்றார். விளையாடுவதற்கு லிசான்ஸ் என்ற அனுமதி அட்டை வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றிதழ், கார்ட்டின் பிரதி, ஒரு படம். பிரசாந்தனிடம் கார்ட் இல்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன். கார்ட்டில் என் முகம் இருந்தபடியால் ஒட்டுகிற படமும் என்னுடையதாகவே இருக்கவேண்டியிருந்தது. படிவத்தில் கையெழுத்தும் நானே போட்டேன்.

இரண்டு பருவம் அவன் என் பெயரில் விளையாடினான். காரி என்று கூப்பிட்டார்கள். யாராவது கமெராவைத் தூக்கினால் சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்துவிடுவான், அல்லது துவாயால் முகத்தைத் துடைப்பான். கழகத்திடம் இருக்கும் ஒரு படத்திலும் அவன் முகம் இல்லை. ஏழாம் இலக்கத்துக்கு நேரே எங்கும் என்னுடைய முத்திரை அளவுப் படம்தான்.

அந்தக் கடைசி மட்ச்சுக்கு நான் போயிருந்தேன். மேல் வரிசையில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு. மூன்று விநாடி இருக்க, ஒரு புள்ளி பின்னால் நின்றார்கள். ழான்-லூக் பந்தைத் தரையில் அடித்து எறிந்தார். பிரசாந்தன் அதைப் பிடித்த கையோடு திரும்பி எறிந்தான். பந்து வளையத்தின் விளிம்பில் இரண்டு தடவை குதித்தது. அது உள்ளே விழுந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் என்னைக் கட்டிப்பிடித்து, "உங்கள் ஆள், உங்கள் ஆள்" என்று கத்தியபோதுதான் தெரிந்தது.

இதுவரை எழுதியது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இனி எழுதுவது, தம்பி இறந்த அடுத்த மாதம் வரை என் மனைவி ஷிரோமியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

1995 ஜூலையில் என் முகவரிக்குக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கரிகாலனுக்குத் தொழில்முறை ஒப்பந்தம் தர விரும்புகிறார்கள். வந்து கையெழுத்துப் போடவேண்டும். சமூகக் காப்புறுதிக் கடதாசி, புதிய மருத்துவப் பரிசோதனை, பிரிபெக்சர் என்ற அரச அலுவலகத்தில் சரிபார்த்த வேலை அனுமதி, எல்லாம் வேண்டும். நான் அதற்கு நாலு மாதம் முன்புதான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஷிரோமிக்கு ஏழு மாதம். யாராவது ஒருவர் கடதாசியையும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எனக்கு வழக்கு, அவனுக்கு விமானம்.

இப்படி எழுதும்போது அது ஒரு காரணம் மாதிரித்தான் இருக்கிறது. அவனைக் கேட்டிருக்கலாம். வேறு வழி இருக்கிறதா என்று ழான்-லூக்கிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். பகல் பதினொரு மணி. தம்பி உணவகத்து நிலவறையில் நின்றான். அவன் வேலை முடிய நாலு மணியாகும். நான் காத்திருக்கவில்லை. கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தவர் ழான்-லூக், அன்று அவருக்குத் தபால் வேலை இல்லைப்போலும். "காரி பேசுகிறேன். இனி நான் விளையாட வரமாட்டேன். எனக்குக் கடிதம் போடவேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டேன். கடிதத்தைக் கிழித்தேன்.

பின்னேரம் பிரசாந்தன் வந்து சாப்பிட உட்கார்ந்தான். கழகத்திலிருந்து செய்தி வந்ததென்றும், அந்த இடத்துக்கு ஒரு அமெரிக்காக்காரனை எடுக்கிறார்களாம், இனி வரத் தேவையில்லையாம் என்றும் சொன்னேன்.

"ழான்-லூக்கே சொன்னவர்?"

"ஓம்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு தண்ணீர் குடித்தான். "சரி அண்ணை" என்றான். அதற்குப் பிறகு முப்பது வருடமாக அந்த மண்டபத்தின் பக்கம் அவன் போகவில்லை.

போகவில்லையே தவிர, கழகத்தை விடவும் இல்லை. எந்த வருடம் எந்தப் பயிற்றுநர், எந்தப் பருவத்தில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கப் பார்த்துத் தப்பினார்கள், பழைய கொட்டில் எப்போது இடிபட்டது, எல்லாம் கேட்ட உடனே சொல்வான். 1998இல் அவனுக்கும் வதிவிடக் கடதாசி கிடைத்தது. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அதற்குள் லாச்சப்பலில் அந்தப் பந்து என்னுடையதாகிவிட்டது. பத்திரிகையில் வந்தது என் பெயர், என் படம். கடைகளில் தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள். பக்கத்துக் கடைத் தவரத்தினம், கழகம் தோற்ற ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாசலில் நின்று, "அண்ணை, உங்கட ஆக்கள் நேற்று நல்ல அடி. நீங்கள் ஒருக்காப் போய் ரெண்டு பந்தைப் போட்டுவிட்டு வாங்கோவன்" என்பான். நான் சிரிப்பேன். மறுக்க வேண்டிய முதல் நாளில் மறுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகியது.

2011இல் கிண்ணம் வென்றபோது ஒரு தமிழ் வானொலியிலிருந்து வந்து என்னைப் பேட்டி எடுத்தார்கள். நானும் சொன்னேன். வலது கையால் எறிந்தேன், விளிம்பில் இரண்டு தடவை குதித்தது என்று. அடுத்த ஞாயிறு பிரசாந்தன் வீட்டுக்கு வந்தான். போகிற நேரம் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "அண்ணை, அது இடக்கை" என்றான். அவ்வளவுதான். கோபம் இல்லை. ஒரு பிழையைத் திருத்துகிற குரல்.

இப்போது ழான்-லூக் தொலைபேசியில் சொல்கிறார்: அந்த வெற்றிக்கு முப்பது வருடம், மார்ச் எட்டாம் திகதி சனிக்கிழமை மட்ச்சின் இடைவேளையில் பழைய அணியைத் தளத்தில் நிறுத்திக் கௌரவிக்கிறார்கள், ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள், எட்டுப் பேரைக் கண்டுபிடித்தாயிற்று, நீதான் ஒன்பதாவது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வைக்க முன், "உன்னிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதை நேரில் கேட்பேன்" என்றார். என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும்.

நாட்களை எண்ணிப் பார்த்தேன். எட்டாம் திகதி தம்பி செத்த இருபத்து நாலாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எங்களுக்குத் துடக்கு. கொண்டாட்டங்களுக்குப் போகக்கூடாது. யாரும் குறை சொல்ல முடியாத காரணம். அன்று மத்தியானம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அது இரண்டு நாள் நீடித்தது. தம்பியின் மகள் நிரோஜினி கழகத்தின் இணையப் பக்கத்தில் கௌரவிக்கப்படுகிறவர்களின் பட்டியலைக் கண்டுவிட்டாள். ஏழாம் இலக்கம், என் பெயர், என் படம். தாயிடம் காட்டியிருக்கிறாள். பொண்டியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வரும்படி அவன் மனைவி தாட்சாயினி என்னைக் கூப்பிட்டாள்.

தம்பியின் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாட்சாயினி எதிரே கதிரையின் விளிம்பில் இருந்தாள். நிரோஜினி கதவில் சாய்ந்து நின்றாள்.

"போறியளோ அண்ணை?"

துடக்கென்று சொன்னேன். முப்பத்தொண்டு கழியாமல் எப்படிப் போவது என்று கேட்டேன்.

"நேற்றும் கடையில கலியாணக் காட் அடிச்சனீங்கள். அதுக்கில்லாத துடக்கோ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கழகத்துக்காரர் அவரைப் போதாது என்று விட்டவர்கள், அந்த இடத்தில்தான் அவருடைய பெயர் கேட்கவேண்டும் என்றாள். முப்பது வருடம் தன் பெயரில் ஒரு பந்து இல்லாமல் இருந்த மனிதன், செத்த பிறகாவது அது அவனுடையதாக இருக்கட்டும் என்றாள். பெரியப்பா போகாவிட்டால் கழகத்துக்குத் தானே எழுதுவேன் என்று நிரோஜினி பிரெஞ்சில் சொன்னாள்.

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, விளையாடினது ஆர் எண்டு. நானும் வாறன். எனக்கு உங்களைவிடத் துடக்குக் கூட. இருந்தாலும் வாறன்" என்றாள் தாட்சாயினி.

அவர்கள் கேட்டது நியாயம். அதைச் செய்ய எனக்கு மனமும் இருந்தது. என் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவன் பெயரை வைத்தால் எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அறுபது வயதில் அதைத் தாங்கலாம். ஆனால் விளையாடியவன் நான் இல்லை என்று ழான்-லூக்குக்குத் தெரிந்த அந்த நிமிடமே, ஜூலையில் தொலைபேசி எடுத்தது யார் என்று அவர் கேட்பார். அவள் பக்கத்தில் நிற்பாள்.

அந்தக் கிழமை இரண்டு தடவை ழான்-லூக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளுக்கு முன்னால் அந்த ஜூலைப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று கேட்க நினைத்தேன். முதல் தடவை பழைய மட்ச்சுகளைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போனார், நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை எடுத்து, மணி அடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு மண்டபத்து வாசலில் அவர்களைச் சந்தித்தேன். தாட்சாயினி கறுப்பு மேற்சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். உள்ளே போகிற நீள நடைபாதையின் சுவரில் கழகத்தின் வரலாற்றைப் பெரிய பலகைகளில் வைத்திருந்தார்கள். நிலக்கரிக் கொட்டில், மதகுக்காரர்கள், முதல் சீருடை. மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு போனார்கள். 1995க்கு வந்ததும் தாட்சாயினி நின்றாள். அங்கே என் முகம் உள்ளங்கை அளவில் இருந்தது. குழுப் படத்தில் ஏழாம் இலக்கம் குனிந்து நூல் கட்டுகிறது. அவள் குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடப்போம் என்று நிரோஜினி தாயின் முழங்கையைப் பிடித்தாள்.

ழான்-லூக் தூரத்திலேயே என்னை அடையாளம் பிடித்தார். சுவரில் இருந்த முகம் அல்லவா. வெள்ளைத் தலை, ஒரு முழங்கால் மடியவில்லை. வந்து கட்டிப்பிடித்தார். விட்டு, ஓரடி பின்னால் போய் மேலும் கீழும் பார்த்தார்.

"சுருங்கிப்போனாய்" என்றார்.

"எல்லாரும் சுருங்கிவிட்டோம்" என்றேன்.

அவர் சிரித்து என் முதுகில் தட்டினார். தாட்சாயினியைப் பார்த்து "மதாம் காரி" என்று கை நீட்டினார். அவள் கையைக் கொடுத்து, "இல்லை" என்று பிரெஞ்சில் சொன்னாள். மேலே அவள் ஏதும் சொல்ல முன், அடையாள அட்டை தொங்கிய ஒரு இளம்பெண் வந்து பழைய ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கம் வரவேண்டும் என்றாள். ழான்-லூக் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டே, "அந்தக் கோடையில் நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று இன்றைக்குச் சொல்லவேண்டும்" என்றார். பின்னால் தாட்சாயினி, "என்ன கேக்கிறார்?" என்று நிரோஜினியிடம் கேட்பது காதில் விழுந்தது. நிரோஜினியின் பதில் விழவில்லை.

உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் பழைய மாதிரிச் சட்டை தந்தார்கள். என்னுடையதில் 7. எட்டுக் கிழவர்களும் வயிற்றைக் காட்டி ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, அன்றைக்குப் பேருந்தில் நீ சமைத்துக் கொண்டுவந்த அந்த உறைப்புக் கோழி இன்னும் நாக்கில் நிற்கிறது என்றார். அப்படி ஒரு கோழியைப் பற்றிப் பிரசாந்தன் என்னிடம் சொன்னதே இல்லை. நான் தலையாட்டினேன். முதல் பாதி முழுவதும் மேலே ஐயாயிரம் பேர் காலால் மிதிக்கிற சத்தம் கூரையால் இறங்கியது.

இடைவேளையில் விளக்கை அணைத்து, தளத்தில் மட்டும் வெளிச்சம் விட்டார்கள். வரிசையாக நிறுத்தினார்கள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு ஒவ்வொருவராக வந்தார். ஒவ்வொருவரும் தன் பெயரையும் இலக்கத்தையும் தானே சொல்லவேண்டும். சொன்னதும் கூட்டம் அதைத் திருப்பிக் கத்தும். ழான்-லூக் சொன்னார். அடுத்தவர் சொன்னார். மூன்றாம் வரிசையில் தாட்சாயினியும் நிரோஜினியும் இருந்தார்கள். அந்த இருட்டிலும் அவர்கள் இருந்த இடம் எனக்குத் தெரிந்தது.

ஒலிவாங்கி என் வாய்க்கு முன்னால் வந்தது. என் பெயர் தொண்டைவரை வந்திருந்தது. வழக்கமாக வருகிற பெயர்தானே.

"பிரசாந்தன்" என்றேன். "ஏழு."

அறிவிப்பாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்திருக்கவேண்டும், "பிரசாந்தன், எங்கள் காரி" என்று கத்தினார். கூட்டம் மூன்று தடவை அந்தப் பெயரைக் கத்தியது. ழான்-லூக் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விட்டது.

அவன் பெயரை அந்த மண்டபத்தில் கேட்கச் செய்தாயிற்று. ஒரு மூச்சு நேரம் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு மேலே தொங்கிய பெரிய திரையைப் பார்த்தேன். அவன் பெயருக்குக் கீழே கை அசைத்துக்கொண்டு நின்றது நான்.

தளத்திலிருந்து நடைபாதைக்கு வந்தபோது அவர்கள் இருவரும் அங்கே நின்றார்கள்.

"பேரைச் சொன்னியள்" என்றாள் தாட்சாயினி. "ஆனா ஆளாய் நீங்கள் நிண்டியள்."

அப்போதே ழான்-லூக்கும் வந்துவிட்டார். பிரசாந்தன் என்றால் யார் என்று கேட்டார். என் தம்பி என்றேன். விளையாடியவன் அவன்தான், கார்ட்டும் படமும் பெயரும் மட்டும்தான் என்னுடையவை, அவனுக்கு அப்போது கடதாசி இருக்கவில்லை, போன மாதம் பதின்மூன்றாம் திகதி மாரடைப்பால் செத்துப்போனான், இது அவன் மனைவி, இது மகள் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரியும்.

அவர் சுவரோரம் இருந்த வாங்கில் மடியாத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது வெளியே தெரிந்திருந்தால் அந்த மட்ச்சை எங்களிடமிருந்து பறித்திருப்பார்கள் என்றார் முதலில். கழகம் மேலே ஏறியே இருக்காது என்றார். பிறகு நிரோஜினியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அவளுக்குத் தகப்பனின் நெற்றி. உள்ளே இரண்டாம் பாதி தொடங்கும் மணி அடித்தது.

"அப்படியானால்," என்றார் ழான்-லூக், "ஜூலையில் என்னோடு தொலைபேசியில் பேசியது யார்?"

நிரோஜினி என் பக்கம் திரும்பினாள். தாட்சாயினி வீடுகளில் துப்புரவு வேலை செய்து பிரெஞ்சு பிடித்தவள். கேள்வி அவளுக்கும் விளங்கியிருக்கவேண்டும். ஆனாலும் தமிழில் என்னைக் கேட்டாள். "என்ன தொலைபேசி அண்ணை?"

அவனே எடுத்தான் என்று சொல்லியிருக்கலாம். கடதாசிப் பயத்தில் அவனே நிறுத்திக்கொண்டான், உங்களுக்குச் சொல்ல வெட்கப்பட்டு அமெரிக்காக்காரன் கதையைச் சொன்னான் என்று. ழான்-லூக் நம்பியிருப்பார். அவர்களும் நம்பியிருப்பார்கள். இறந்தவன் வந்து இல்லையென்று சொல்லமாட்டான். அந்தப் பதில் முழுவதுமாக என் வாயில் இருந்தது. எனக்கு அது அவ்வளவு விரைவாகக் கிடைத்ததை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

"நான்தான் எடுத்தனான்" என்றேன்.

ஒப்பந்தக் கடிதம் வந்ததையும் கிழித்ததையும், பின்னேரம் அவன் சாப்பிடும்போது என்ன சொன்னேன் என்பதையும் தமிழில் சொன்னேன். நிரோஜினி தாழ்ந்த குரலில் அதை ழான்-லூக்குக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் நிறுத்திவிட்டாள். மிச்சத்தை நானே சொல்லவேண்டியிருந்தது.

தாட்சாயினி என்னைப் பார்க்கவில்லை. ழான்-லூக்கின் பக்கம் திரும்பினாள். சொல் சொல்லாகத் தேடிக் கேட்டாள்.

"நீங்கள், அவரை, விரும்பினீர்களா?"

"மதாம்," என்றார் அவர், "ஒப்பந்தம் கொடுக்கவேண்டிய ஆட்டக்காரர்களின் பட்டியலில் முதலாவது அவர். நான் நாலாவது."

"அமெரிக்கர்?"

அமெரிக்கர் வந்தது மூன்று வருடம் கழித்து என்றார்.

அவள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள், மருந்துக்கடையில் எத்தனை வேளை குடிக்கவேண்டும் என்று சொல்லும்போது ஆட்டுவதுபோல. உள்ளே கூட்டம் எதற்கோ கத்தியது. ழான்-லூக் எழும்பி, அவர்கள் இருவரும் தன்னோடு வந்து பழைய ஆட்டக்காரர்களின் வரிசையில் இருந்து மிச்ச மட்ச்சைப் பார்க்கலாமா என்று கேட்டார். வருகிறோம் என்றாள் தாட்சாயினி. நிரோஜினி முன்னால் நடந்தாள். என்னைக் கடக்கும்போது ஒதுங்கிப் போனாள்.

தாட்சாயினி இரண்டடி வைத்துவிட்டு நின்றாள்.

"கொள்ளி வைச்சது நீங்கள். முப்பத்தொண்டுக்கு வந்து அந்தியேட்டியையும் நீங்களே செய்து முடியுங்கோ. அவருக்குக் குறை வைக்கேலாது. அதுக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வரவேண்டாம்."

ஓம் என்றேன்.

சட்டையைக் கழற்றி வாங்கில் மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். கால்வாய்ப் பக்கம் காற்று கடுமையாக இருந்தது. நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. மண்டபத்துக்குள்ளிருந்து சத்தம் எழும்புவதும் அடங்குவதுமாக இருந்தது. யாருக்காகக் கத்துகிறார்கள் என்று அங்கிருந்து சொல்ல முடியாது.

முப்பத்தோராம் நாள் பொண்டிக்குப் போனேன். ஐயர் சொன்னதெல்லாம் செய்தேன். பிண்டம் வைக்கும்போது பெயரைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். மற்றவர்களுக்குப் போட்டதுபோல எனக்கும் சாப்பாடு போட்டார்கள். தாட்சாயினிதான் பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கவும் செய்தாள். போதும் என்றேன். கையைக் கழுவிவிட்டு எல்லோருக்கும் முதல் வெளியேறினேன். திங்கட்கிழமை கடை வாசலில் தவரத்தினம், அண்ணை உங்களைப் பெரிய திரையில் காட்டினதாமே என்று தொடங்கினான். அவனைக் கதிரையில் இருக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கும் சொன்னேன்.